அழித்த எண்

அந்த மறுமணத் தளத்தின் அலுவலகத்தில் அவளைத் தேன்குரல் என்றுதான் கூப்பிடுவார்கள். படிவத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறவர்களைப் போனில் பிடித்து, நயமாகப் பேசி, மீதியையும் நிரப்ப வைப்பது அவள் வேலை. "சூடு ஆறுறதுக்குள்ள பிடிச்சிடணும்" என்பார் மேலாளர்.

'அனுப்பு' பொத்தானை அழுத்தாவிட்டாலும், அடித்ததெல்லாம் அவள் திரையில் வந்து விழுந்துவிடும். அடித்து அழித்ததுகூடச் சாம்பல் நிறத்தில் நிற்கும்.

அன்று காலை வந்த படிவத்தில் இரண்டு எண்கள் இருந்தன. முதலாவது சாம்பல். இரண்டாவதை யாரும் எடுக்கவில்லை. சாம்பலை அழுத்தினாள்.

"வணக்கம் சார்! உங்க மறுமணப் பதிவு பாதியில நிக்குது. இன்னும் கொஞ்சம்தான், நானே கூட இருந்து முடிச்சுத் தரேன்."

"என் மறுமணமா? காலங்காத்தால விளையாட வேற ஆள் கிடைக்கலையாம்மா?"

"இல்லை சார், 'நிரப்புபவர்: மகள்'னு இருக்கு. உங்க பொண்ணுதான் ஆரம்பிச்சிருக்காங்க..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அவ்வளவு பாரமாயிட்டேனா அவளுக்கு?" என்று தனக்குத்தானே கேட்பதுபோலச் சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டார்.

மதியம் அந்த மகளே கூப்பிட்டாள்.

"அப்பா பையில துணியை அடைச்சுக்கிட்டு நிக்கிறார். சித்தப்பா வீட்டுக்குப் போறாராம், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாராம். அம்மா போனதுல இருந்து டிவியோடவே பேசிக்கிட்டு இருக்காரேன்னுதான் அதைத் தொட்டேன். மனசு வரலை, மூடிட்டேன். அவர் நம்பரை அப்பவே அழிச்சுட்டேனே, உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"அழிச்சாலும்... எங்ககிட்ட நிக்கும், மேடம்."

"அழிச்சதுன்னு தெரிஞ்சேதான் கூப்பிட்டீங்களா?"

பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. "ஆமா" என்றாள். "தப்பு என்னோடதுதான். அவர்கிட்ட நானே சொல்லிடட்டுமா?"

"காலையில பேசினது போதாதாக்கும்!" என்று சீறியவள், என்ன நினைத்தாளோ, போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டிவிட்டாள்.

"ஐயா, உங்க பொண்ணு அதை அனுப்பவே இல்லை. கூப்பிட்டிருக்கவே கூடாது நான்."

"அனுப்பலைன்னா என்னம்மா, உக்காந்து எழுதினாளா இல்லையா?"

சொல்லக்கூடாதுதான். ஆனால் அந்தப் பை அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது. "கல்யாணத்துக்கப்புறம் பிள்ளைங்க அவரோடவே இருப்பாங்களான்னு ஒரு கேள்வி வரும். ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணைத் தொடணும். அங்க வந்து அவங்க ரெண்டையும் தொடலை. அதோட மூடிட்டாங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயரம் எவ்வளவு போட்டிருந்தா?" என்றார்.

"அஞ்சடி எட்டங்குலம்."

"ரெண்டங்குலம் கூட்டிட்டா, கழுதை!" குரல் உடைந்து சிரிப்பாகியது. ஏதோ கனமாகத் தரையில் இறங்கும் சத்தம் கேட்டது.

தேன்குரலுக்குக் கண் நிறைந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாயப் போனபோது மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

"பையை வெச்சுட்டார்." அவள் குரல் தணிந்திருந்தது. "ஆனா எந்தக் கேள்வியில நான் நின்னேன்னு என்னைக்காவது நானே அவர்கிட்ட சொல்லியிருப்பேன். அதையும் நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே எங்க ரெண்டு பேருக்குமே போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டாள். மன்னிப்புக் கேட்கக்கூட இடமில்லாமல் போயிற்று.

"தேன்குரல், அடுத்தது வந்தாச்சு. ஆறப்போகுது!" என்றார் மேலாளர். திரையில் இன்னொரு சாம்பல் எண்.

"அழிச்ச நம்பருக்கு இனி நான் கூப்பிட மாட்டேன் சார்."

"உனக்கு என்ன ஆச்சு இன்னைக்கு? சரி விடு, பக்கத்து சீட்டுக்குத் தள்ளுறேன்."

எண் அவள் திரையிலிருந்து மறைந்தது. காதைப் பொத்திக்கொள்வதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து கணீரென்று கேட்டது: "வணக்கம் சார்! உங்க மறுமணப் பதிவு பாதியில நிக்குது..."