நட்சத்திரம் எந்தக் கரையில்

"ஏன் டீச்சர், நம்ம நட்சத்திரத்தைத் தூக்கி அக்கரைக்காரனுக்குக் குடுத்துட்டீங்களா?"

ரொட்டிக்கடை எலாதியோ கேட்டது எதெல்மிராவுக்கு முதலில் விளங்கவில்லை. சதுக்கத்துக் கம்பத்தில் இன்று முதன்முதலாக ஏற்றிய கொடியை அண்ணாந்து பார்த்தாள். மஞ்சள் துணி, நடுவே மேலிருந்து கீழாக நீலத்தில் பரானா ஆறு, அதற்கு இடப்பக்கம் வெள்ளை நட்சத்திரம். அவள் வரைந்தது வலப்பக்கம் அல்லவா? வலப்பக்கம் கிழக்கு, இந்தக் கரை. மாகாணக் கொடிப் போட்டியில் பரிசு வாங்கிய படம். அதைக் காகிதத்தில்தான் பார்த்திருக்கிறாள். காகிதத்தின் முதுகை யார் பார்க்கிறார்கள்?

கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் போனாள். அங்கே நட்சத்திரம் வலப்பக்கமே இருந்தது. படகில் வந்திறங்கிய அக்கரைக்காரர்கள் அதன் கீழ் முகம் கறுத்து நின்றார்கள். ஆக, இரண்டு ஊருக்கும் வருத்தம்.

"உனக்கு உன் ஊருதான் உசத்தி," என்றாள் தங்கை சூல்மா. அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள், அம்மா சாவுக்குப் பிறகு இன்றுதான் ஆற்றைக் கடந்திருந்தாள். கைமாற்றிப் பகிர்ந்து குடிக்கும் மாத்தேத் தேநீர்க் குடுவையைத் திரும்பத் திரும்பத் தானே உறிஞ்சினாள், அக்காவுக்கு நீட்டவில்லை.

"ஊரை நெனைச்சா வரைஞ்சேன்? நம்ம அம்மா வீட்டைடீ."

"அம்மா வீடு எந்தக் கரையிலக்கா?"

எதெல்மிரா ஆற்றின் பக்கம் திரும்பினாள். அவர்கள் பிறந்தபோது அந்த வீடு இக்கரையில் இருந்தது. பெருவெள்ளத்தில் ஆறு வீட்டுக்கு இந்தப் பக்கமாகப் புதுவழி வெட்டிக்கொண்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, கரை மாறிப்போனது. வரையும்போது கைக்குப் பழைய ஆறுதான் தெரிந்திருந்ததோ? கையைக் கேட்டால் சொல்லுமா?

நகரத் தலைவர் பெனாவிதெஸ் ஒலிவாங்கியோடு வந்தார். "டீச்சரம்மா, எதுக்கு வம்பு? நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க. நட்சத்திரம் யாரோடது?"

"நம்மளோடதுன்னு சொல்லுங்க டீச்சர். இல்லாட்டி நாளையிலேருந்து ரொட்டி கெடையாது!" எலாதியோ சிரித்தான். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை. இவர்களோடுதான் அவள் தினமும் முகம் பார்த்து வாழ வேண்டும். சூல்மாவோ வெந்நீர்க் குப்பியை மூடிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் திரும்பினாள். இப்போது போனால் இனி வரமாட்டாள்.

"அது வந்து..." என்றாள் எதெல்மிரா. ஒலிபெருக்கியில் அவள் மூச்சு மட்டும் சதுக்கம் முழுக்கக் கேட்டது.

காற்று நின்றது. கொடி சரிந்து கம்பத்தைச் சுற்றிக்கொண்டது. ஆறும் நட்சத்திரமும் மடிப்புக்குள் போய், மஞ்சள் மட்டும் தெரிந்தது. இரண்டு ஊர்க் கழுத்துகளும் அண்ணாந்தபடியே நின்றன. சூல்மா குப்பியை மறுபடி திறந்து, குடுவையில் வெந்நீர் ஊற்றி, அக்கா பக்கம் நீட்டப் போனவள், பாதியில் கையை நிறுத்திக்கொண்டு தானும் மேலே பார்த்தாள்.