பத்தொன்பதாம் நாள் திறந்த கதவு

பெட்டிக்காரருடைய அண்ணியின் கைக்கு ஒன்பது வருடமாக எந்தக் கதவும் திறக்கவில்லை. பூட்டிய கதவைச் சொல்லவில்லை. சும்மா சாத்தியிருக்கும் கதவு, தாழ்ப்பாள் கூட இல்லாத கதவு, காற்றடித்தால் தானே ஆடும் கதவு, இவைதான் திறக்கவில்லை. மற்றவர்கள் விரல் வைத்தால் திறந்தன. மூன்று வயதுக் குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு வந்து முட்டினாலும் திறந்தன. அண்ணி தோளைக் கொடுத்துத் தள்ளினால் மட்டும் சுவரைத் தள்ளுவது போல நின்றன. முதலில் குளியலறைக் கதவு, அதே வாரத்தில் சமையலறைக் கதவு, பிறகு பீரோ, வாசல் கதவு, கடைசியாகப் பேருந்தின் கதவு. தச்சர் வந்து கீல்களுக்கு எண்ணெய் விட்டார். பூட்டுக்காரர் வந்து பூட்டில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார். மருத்துவர் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எலும்பும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, வேண்டுமானால் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தருகிறேன் என்றார். அண்ணி அதையும் ஒரு மாதம் சாப்பிட்டார். மாத்திரை டப்பாவின் மூடி மட்டும் ஒழுங்காகத் திறந்தது. மூடி கதவில்லை அல்லவா.

பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது அவர் செய்யும், முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டிகளால். மோட்டார் போன பழைய ஃபிரிட்ஜ், கால் ஒடிந்த அலமாரி, எது கிடைத்தாலும் பட்டறைக்குக் கொண்டுவந்து உள்ளிருப்பதைப் பிடுங்கிவிட்டு, சுற்றிலும் தெர்மோகோல் ஒட்டி, நான்கு பல்பு, ஒரு சின்ன விசிறி, அடியில் தண்ணீர்த் தட்டு, முட்டைத் தட்டுகளை மணிக்கொரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க ஒரு மோட்டார் என்று பொருத்திவிடுவார். தெருவில் அடைக்கோழிகளுக்கெல்லாம் வேலை போய்விட்டது என்று கேலி செய்வார்கள். வாங்குகிறவர்களிடம் அவர் சொல்வது இரண்டே விஷயம். சூடு தொண்ணூற்றொன்பதரை டிகிரியில் நிற்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் குஞ்சு இல்லை. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு குஞ்சு வெளியே வரும்வரை கதவைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஈரம் போய், முட்டைக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து, குஞ்சு அதிலேயே ஒட்டிக்கொண்டு செத்துவிடும்.

கடையில் விற்கும் தெர்மாமீட்டர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லும் என்பதால் அவற்றைச் சரிபார்க்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் தன் நாக்கின் அடியில் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்வார். மனித உடம்பு தொண்ணூற்றெட்டரைக்குக் கொஞ்சம் மேலே. தெர்மாமீட்டர் நூறு காட்டினால் அது ஒன்றரை கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப, பெட்டியின் சூடு நிற்க வேண்டிய இடமாக நூற்றொன்றில் மை வைத்துக் குறி போடுவார். வாய்க்குள் தெர்மாமீட்டர் இருக்கும்போது மனைவி ஏதாவது கேட்டால் உம் உம் என்பார். “நல்லதுக்கும் உம், கெட்டதுக்கும் உம். கட்டிக்கிட்டது மனுஷனையா, மாட்டையா” என்பார் மனைவி.

அண்ணன் இறந்த இரண்டாம் வருடம், தையல் வேலையோடு ஒரு கைத்தொழிலாக இருக்கட்டும் என்று அண்ணி ஒரு பெட்டி கேட்டார். பெட்டிக்காரர் இருப்பதிலேயே நல்ல ஃபிரிட்ஜ் கூட்டை எடுத்து, மூன்று நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு எரியும் பல்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து செய்தார். உடம்பு கொதித்தது. பல்பின் சூடு என்று நினைத்தார். மூன்றாம் நாள் தெர்மாமீட்டரை நாக்கடியில் வைத்தார், நூற்றிரண்டு காட்டியது. சனியன், மூன்றரை டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று திட்டிக்கொண்டே நூற்று மூன்றில் குறி போட்டுப் பெட்டியை அனுப்பிவிட்டார். அன்று மாலை மனைவி நெற்றியில் கை வைத்து, “என்னங்க, அடுப்பு மாதிரி கொதிக்குது” என்றபோதுதான் காய்ச்சல் என்று தெரிந்தது. குறியை மாற்ற வேண்டுமே என்று படுக்கையில் ஒரு கணம் தோன்றியது. நான்கு வீடு தள்ளித்தான் அண்ணி வீடு. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. அப்படி எவ்வளவு வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். காய்ச்சல் விட்டது, நினைப்பும் அதோடு விட்டது.

அண்ணி தெருவில் பத்து வீடுகளில் முட்டை கேட்டு வாங்கினார். பொரிக்கிற குஞ்சில் பாதி உங்களுக்கு, பாதி எனக்கு என்று பேச்சு. பன்னிரண்டு தட்டு, தட்டுக்கு இருபத்திரண்டு, மொத்தம் இருநூற்று அறுபத்து நான்கு முட்டை. இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள் காலை பெட்டிக்காரர் வந்து பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“நடுவுல கதவைத் திறந்தீங்களா அண்ணி?”

“ஒரே ஒரு தரம், தம்பி. பத்தொன்பதாம் நாளு. உள்ள சத்தமே இல்லையேன்னு மனசு கேக்கல. பத்து எண்ணுறதுக்குள்ள சாத்திட்டேன்.”

“அதான்” என்றார் பெட்டிக்காரர்.

அந்த ஒரு வார்த்தைதான். வாய் முந்திக்கொண்டது. வந்த பிறகு அதை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளவும் முடியவில்லை. அண்ணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்ப்பது அவர் தொழிலில் வழக்கம். எந்த நாளில் செத்தது என்று முட்டையே சொல்லிவிடும். மாலையில் பட்டறைக்குப் பின்னால் தட்டுகளைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்தார். கடைசி மூன்று நாளில் ஈரமில்லாமல் செத்தது என்றால் இறகு முளைத்த முழுக் குஞ்சு உள்ளே ஒட்டியிருக்கும். இதில் ஒரு முட்டையிலும் குஞ்சு இல்லை. எதை உடைத்தாலும் மஞ்சள் கருவின் மேல் சிவப்பு நூலைச் சுற்றிவைத்தது போல ஒரு ரத்த வளையம், நடுவில் கடுகளவு கண். எல்லாம் ஏழாம் நாளோ எட்டாம் நாளோ சூட்டில் வெந்து செத்தவை. அண்ணி கதவைத் திறந்தது பத்தொன்பதாம் நாள். இருநூற்று அறுபத்து நான்கையும் உடைத்து முடித்து, குழி தோண்டி மூடி, மேலே இரண்டு செங்கல் வைத்துவிட்டு, அண்ணி வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் தன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அடுத்த இரண்டு நாளும் பட்டறை ஜன்னல் வழியாக அண்ணி பத்து வீட்டுப் படியும் ஏறி இறங்குவதைப் பார்த்தார். நான்தான் திறந்துட்டேன், என் மேலதான் தப்பு என்று ஒவ்வொரு வாசலிலும் அண்ணி சொல்வது கேட்டது. பத்தாவது வீட்டிலிருந்து திரும்பிய அண்ணி முகம் கழுவப் போனபோது குளியலறைக் கதவு திறக்கவில்லை.

அதன் பிறகு பெட்டிக்காரர் செய்ததையெல்லாம் தெரு மெச்சியது. வீட்டுக்குள் இருந்த ஆறு கதவுகளையும் கழற்றிப் பரணில் போட்டார். அண்ணி அவற்றுக்குப் பதிலாகத் திரை தைத்துத் தொங்கவிட்டார். வாசல் கதவைக் கழற்ற முடியாது என்பதால் தினமும் காலை ஆறு மணிக்கு வந்து திறந்துவிட்டார், மாலையில் சாத்தினார். மழையானாலும் வந்தார், தன் மகள் கல்யாணத்தன்றும் வந்தார். ஒரு முறை பின்சுவர் ஏறி வந்த திருடன் அறைக்கு அறை திரை மட்டும் ஆடுவதைப் பார்த்து, கூச்சப்பட்டு, வந்த வழியே போய்விட்டான். கடைக்காரர்கள் அண்ணி வருவதைக் கண்டால் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். கொழுந்தன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான்கு பேர் நடுவில் சொல்வார்கள். அப்போதெல்லாம் பெட்டிக்காரருக்கு அந்தச் சிவப்பு வளையம் கண் முன்னால் வந்து நிற்கும். மனைவிக்கு மட்டும் எரிச்சல். “ஊரு கதவையெல்லாம் திறந்துவிடுறீங்க. நம்ம அடுப்படிக் கதவு ஒரு வருஷமா தரையில இழுக்குது, அதைக் கேக்க நாதியில்ல.”

ஒன்பதாம் வருடம் அண்ணியின் மகள் வந்தாள். பெரிய நகரத்தில் வேலை, நான்காவது மாடியில் வீடு. அம்மாவைச் சனிக்கிழமை கூட்டிப்போவதாக முடிவு. பட்டறைக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னாள்.

“அங்க எத்தனை கதவும்மா?” என்றார் பெட்டிக்காரர்.

“பதினொண்ணு. கழட்டவெல்லாம் வீட்டுக்காரர் விடமாட்டார் சித்தப்பா. நான் எட்டு மணிக்குக் கெளம்பினா ஆறு மணிக்கு வந்துடுவேன். அதுவரைக்கும் அம்மா ஹால்ல இருக்கட்டும். டிவி இருக்கு.”

மறுநாள் அண்ணியைத் தடுக்கலாம் என்று போனார். அண்ணி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “அதுக்கென்ன தம்பி. அத்தனை உசுரைக் கதவைத் திறந்தே கொன்னவ நான். ஒரு கதவுக்குப் பின்னாடி உக்காந்திருந்தா என்ன கொறஞ்சுடப் போகுது?” என்றார், நூல் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல. அண்ணி போய்விட்டால் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம் என்று நேற்று ஒரு கணம் மனம் லேசானது பெட்டிக்காரருக்கு நினைவுக்கு வந்தது. தரையில் உட்கார்ந்தார்.

“அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் அண்ணி. தெர்மாமீட்டர் சரியாத்தான் இருந்துச்சு. எம் ஒடம்புதான் தப்பு.” மீதியையும் சொன்னார். ரத்த வளையத்தைச் சொன்னார், குழியைச் சொன்னார்.

மெஷின் நின்றது. “அப்ப நான் திறந்து பாத்தது?”

“செத்துப் பத்து நாளுக்கு மேல ஆன முட்டைங்க.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்குச் சாயங்காலமே.”

அண்ணி துணியை இழுத்து வைத்து, ஒரு போர்வையின் நீளம் முழுக்க ஒரே ஓட்டமாகத் தைத்தார். நூலைப் பல்லால் கடித்தார். “நாளைக்கு வந்து கதவையெல்லாம் மாட்டிக் குடுத்துடுங்க. மாட்டினதுக்கு அப்புறம் நீங்க ஒண்ணையும் திறக்க வேண்டாம்.”

மறுநாள் ஆறு கதவுகளையும் பரணிலிருந்து இறக்கி மாட்டினார். சொல்லிவிட்டதால் அவை திறந்துவிடும் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தார். அண்ணி ஒவ்வொரு கதவிலும் கை வைத்தார், ஒன்றும் அசையவில்லை. அவர் தன்னையறியாமல் கையை நீட்டினார். “வேண்டாம்னு சொன்னேன்” என்றார் அண்ணி. மகளிடம், என் கையால் வாசல் கதவைத் திறந்துகொண்டுதான் உன் வீட்டுக்கு வருவேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகள் போகும்போது பட்டறை வாசலில் நின்று, “ஒன்பது வருஷம் தெனமும் முகத்தைப் பாத்துட்டு எப்படி சித்தப்பா சோறு எறங்குச்சு?” என்று கேட்டாள்.

அந்த வாரம் அவர் உண்மையைச் சொல்லப் பத்து வீட்டுப் படியும் ஏறினார். ஒரு வீட்டில் எந்த முட்டை என்று கேட்டார்கள். ஒரு வீட்டில், அடப் போங்க, இப்ப வந்து என்ன என்றார்கள். ஆறாவது வீட்டு அம்மாள்தான் கதவில் சாய்ந்துகொண்டு, “அதுலேருந்து அவங்ககிட்ட ஒரு ஜாக்கெட் கூடத் தைக்கக் குடுத்ததில்லையே நானு” என்று அழுதார். ஒரு பொய் இத்தனை வீட்டில் புகுந்திருக்கிறது என்று பெட்டிக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது. பெட்டி வாங்குகிறவர்களிடம், பொரிக்காவிட்டால் முட்டையை நான் வந்து உங்கள் கண் முன்னாலேயே உடைக்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

கதவுகள் அவசரப்படவில்லை. மூன்று வாரம் கழித்து பீரோ ஒரு விரற்கடை திறந்தது. மழைக்காலத்தில் சமையலறைக் கதவு பாதி. பக்கத்து வீட்டார் முறை போட்டு உதவினார்கள். வாசல் கதவைப் பால்காரர் திறந்து வைத்தார். தினமும் காலை, அவர் வருவதற்கு முன், அண்ணி உள்ளிருந்து ஒரு முறை தள்ளிப் பார்ப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போது பெட்டிக்காரர் பட்டறை வாசலில் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நிற்பார். பதினான்காம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வாசல் கதவு திறந்தது. பால்காரர் பாலை அண்ணியின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அண்ணி படியில் நின்று தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். பெட்டிக்காரர் நின்ற இடத்தையும் பார்த்தார், மற்ற இடங்களைப் பார்த்தது போலவே. அந்த வாரமே மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

நான்காவது மாடியில் இப்போது அண்ணியின் கைக்குத் திறக்காத கதவு கிடையாது. யாராவது சாவியைத் தொலைத்தால் முதல் மாடியிலிருந்து வந்து அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் போய்க் கை வைத்துவிட்டு, தையலுக்குத் திரும்பி வந்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டிக்காரர் ஃபோன் செய்வார். அம்மா பேசுகிறாரா என்று மகளிடம் கேட்பார். “கைவேலையா இருக்காங்களாம் சித்தப்பா” என்பாள் மகள். ஆனால் இணைப்பைத் துண்டிக்க மாட்டாள், ஃபோனை மேசை மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அந்த வீட்டில் ஒரு கதவு திறக்கும், மூடும், இன்னொன்று திறக்கும். பெட்டிக்காரர் ஃபோனைக் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். பட்டறைக்கு வருகிறவர்கள் அவர் முடிக்கும்வரை வெளியே காத்திருப்பார்கள்.