லிஃப்ட்டுக்கா முப்பத்தோராவது மாடிக்குப் போனது

ஊரில் எல்லோரும் அவளை லிஃப்ட்டுக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அதனால் அவர் லிஃப்ட்டு, அவள் லிஃப்ட்டுக்கா, மகள்கள் இரண்டு பேரும் பெரிய லிஃப்ட்டு, சின்ன லிஃப்ட்டு. ஊரில் மொத்தமே நாலு லிஃப்ட்தான்: ஆஸ்பத்திரி, துணிக்கடை, லாட்ஜ், நகராட்சி ஆபீஸ். நாலும் அவர் கையை நம்பித்தான் ஏறி இறங்கின. இதில் வேடிக்கை என்னவென்றால், லிஃப்ட்டுக்கா இந்த வயசு வரைக்கும் ஒரு லிஃப்ட்டுக்குள் காலை வைத்ததில்லை.

யாராவது கேட்டால், படி ஏறினால் முட்டிக்கு நல்லது என்பாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. நாள் முழுக்க நாற்காலியைத் தேய்க்கிறவள், நாலு படி ஏறட்டுமே என்று ஊரும் விட்டுவிட்டது. முட்டியாவது, நல்லதாவது! அத்தனையும் பொய். அவளுக்கு லிஃப்ட் என்றால் உயிர் போகிற பயம்.

அந்தப் பயத்தை ஊட்டி வளர்த்தவரே புருஷன்தான், அது அவருக்கே தெரியாது என்பதுதான் கூத்து. சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார். ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது, உள்ளே ஸ்ட்ரெச்சரோடு நாலு பேர். கதவைத் திறந்தால் எதிரே சுவர். லாட்ஜில் மாட்டிக்கொண்ட ஒரு குண்டு ஆளைத் தோளைப் பிடித்து மேலே இழுத்தார்கள், ஆள் வந்துவிட்டார், பேன்ட் வரவில்லை. இதையெல்லாம் சப்புக்கொட்டிக்கொண்டு சொல்வார். அவள் ‘உம்’ கொட்டிக்கொண்டே பரிமாறுவாள், குழம்பு கேட்டால் மோரை ஊற்றுவாள்.

வாயைத் திறந்து அவரிடம் சொல்லித் தொலைத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சொல்லக்கூடிய விஷயமா இது? அந்த மனுஷனுக்கு அந்த நாலு பெட்டிதான் உலகம். கட்டிய மனைவியே தன் லிஃப்ட்டைக் கண்டு நடுங்குகிறாள் என்று தெரிந்தால் மனசு விட்டுப்போய்விடும். அவர் முகம் வாடினால் அவளால் தாங்க முடியாது. அதனால் பொய்யை முட்டி மேல் போட்டுவிட்டு, நாலு மாடியானாலும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில்தான் பெரிய நகரத்தில் குடியிருந்த அவள் தம்பி கூப்பிட்டான். புது வீடு வாங்கிவிட்டேன், குடும்பத்தோடு வந்து ஒரு வாரம் தங்கவில்லை என்றால் உன்னோடு பேச்சே கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அவர்கள் குடும்பமாக எங்கேயும் போனதே கிடையாது. லிஃப்ட்டுக்கு ஏது லீவு? இந்தத் தடவை பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் பார்த்துக்கொள்கிறேன் என்று மனசு வைத்தார். அவ்வளவுதான், வீட்டில் ஒருவருக்கும் கால் தரையில் பாவவில்லை. பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதும் மறுபடி கட்டுவதுமாக வீடே அமர்க்களப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில், தம்பி வீடு எத்தனாவது மாடி என்று கேட்க லிஃப்ட்டுக்காவுக்குத் தோன்றவே இல்லை.

காலையில் ரயிலை விட்டு இறங்கினார்கள். அடேயப்பா! ஸ்டேஷனே அவர்கள் ஊர் அளவுக்கு இருந்தது. சின்னவள் ஊர்ப் பழக்கத்தில் எதிரே வந்த ஆளுக்கெல்லாம் டாட்டா காட்டினாள். கொஞ்ச தூரம் போவதற்குள் கை வலிக்கிறது என்று சிணுங்கினாள். பெரியவள் கட்டடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு, கம்பத்திடம் ‘சாரி’ சொன்னாள். அவரோ ஒவ்வொரு கட்டடத்தையும் பார்த்து, இதில் ஆறு இருக்கும், இதில் பன்னிரண்டு இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மாடி பஸ்ஸில் மேல்தளத்து முதல் சீட்டைப் பிடிக்க லிஃப்ட்டுக்கா ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, அழைக்க வந்திருந்த தம்பியே வாயைப் பிளந்தான். தெரு அவள் காலுக்குக் கீழே ஓடியது. வழியில் வாங்கிய சிவப்புத் தொப்பியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காரணமே இல்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள். நாளைக்கு மிருகக்காட்சி சாலை, அடுத்த நாள் கண்ணாடிக் கூரை போட்ட ரயில், அதற்கடுத்த நாள் படகு என்று தம்பி அடுக்க அடுக்க, எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அவன் கட்டடத்து வாசலில் நின்றபோதுதான் பேச்சுவாக்கில் கேட்டாள், வீடு எத்தனாவது மாடி என்று. முப்பத்தொன்று என்றான்.

சிரிப்பு அப்படியே நின்றது. உள்ளே பளபளவென்று மூன்று லிஃப்ட்டுகள் வரிசையாக நின்றன. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கதவைத் தடவிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், வா வா என்று அவளைக் கூப்பிட்டார். அவள் ஒரே போடாகப் போட்டாள்: ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துவிட்டது, நான் படியில் வருகிறேன், நீங்கள் பெட்டியோடு போங்கள். தம்பிக்குத் தூக்கிவாரிப்போட்டது. முப்பத்தொரு மாடிக்கா என்றான். முட்டிக்கு நல்லதுடா என்று சொல்லிவிட்டு, யாரும் பிடித்து நிறுத்துவதற்குள் படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அவர் கூப்பிட நீட்டிய கையை மட்டும் மடக்கிக்கொண்டார்.

நாலாவது மாடி வரைக்கும் ராணி மாதிரி ஏறினாள். அது பழகிய உயரம். ஏழாவதில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஒன்பதாவதில் தொப்பியால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தபோது, படிக்கட்டுக் கதவு திறந்தது. சின்னவள் லிஃப்ட்டில் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா தோற்றுவிட்டாளா என்று மாமா கேட்டுவரச் சொன்னாராம். பன்னிரண்டாவதில் பெரியவள் பிஸ்கட்டோடு காத்திருந்தாள். பதினைந்தாவதில் தம்பி ஒரு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பதினேழாவதில் அவளுக்குக் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போய், படி திரும்புகிற இடத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டிவிட்டாள். சரி, அக்கா வரமாட்டாள், வீடு அவளிடம் போகட்டும் என்று தம்பியின் மனைவி டீயையும் தட்டுகளையும் கீழே இறக்கிவிட்டாள். லிஃப்ட்டில் பலகாரம் வர வர, அங்கேயே பந்தி நடந்தது. பதினேழாவது மாடிக்காரர் ஒருவர் குப்பை போட வந்தவர், விருந்தா என்று கேட்டு, கையில் ஒரு கப் டீயோடு திரும்பிப் போனார். பெரிய நகரத்துக்கு முதல் தடவையாகச் சுற்றுலா வந்த குடும்பம், மாடிப்படியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது!

அந்தக் கலாட்டாவிலும் லிஃப்ட்டுக்காவின் மனசு அடித்துக்கொண்டது. இன்றைக்கு எப்படியாவது ஏறிவிடலாம். நாளைக்கு இறங்கி, ஊர் சுற்றி, மறுபடி ஏறுவது எந்த ஜென்மத்தில்? மேலே போனால் ஒரு வாரமும் மேலேயே கிடக்க வேண்டியதுதான். அவளை விட்டுவிட்டு மிருகக்காட்சி சாலைக்குப் போகமாட்டோம் என்று பிள்ளைகள் இப்போதே அழத் தயாராக இருந்தார்கள். உண்மையைச் சொன்னாலோ, அவர் முகத்தில் எப்படி முழிப்பது?

அப்போதுதான் அவர் எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டு, அவளுக்கு ஒரு படி கீழே வந்து உட்கார்ந்தார். காலி டம்ளரை உருட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமலேயே பேசினார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. என் லிஃப்ட்டுல ஏறினா உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

துணிக்கடை லிஃப்ட்டை முதல் முதலாக ஓட்டிய நாளைச் சொன்னார். ஊரே வரிசையில் நின்றது. முதலாளி, உன் வீட்டம்மாவைக் கூப்பிடு, அவங்கதான் முதலில் ஏறணும் என்றார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், அவருடைய கிரீஸ் சட்டையைப் பார்த்தாள், விறுவிறுவென்று படியில் ஏறிப் போய்விட்டாள். கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். அன்றைக்கே அவருக்குப் புரிந்துவிட்டதாம், டோக்கன் கொடுக்கிற இடத்தில் வெள்ளைக் கோட்டுகளோடு பழகுகிறவளுக்கு, கிரீஸ் கையோடு நிற்கிற புருஷனோடு நாலு பேர் பார்க்க ஒரு பெட்டிக்குள் நிற்பது வெட்கமாக இருக்கிறது என்று.

“அதான் நான் அதுக்கப்புறம் கூப்பிடவே இல்ல,” என்றார். “இன்னைக்கு ஊர் மாறிருக்கே, தெரிஞ்சவங்க யாரும் இல்லையேன்னு ஒரு ஆசை. அதுக்கும் நீ படிக்குப் போயிட்ட.”

பாவி மனுஷன், இத்தனை வருஷம் இதையா சுமந்துகொண்டு திரிந்தார்! எந்த முகம் வாடக் கூடாது என்று அவள் மூச்சு வாங்கினாளோ, அந்த முகம் அன்றிலிருந்தே வாடித்தான் இருந்திருக்கிறது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“பயம்ங்க. வெறும் பயம். நீங்கதானே தினமும் நின்னுபோச்சு, மாட்டிக்கிச்சு, கதவைத் திறந்தா சுவருன்னு சொல்லிச் சொல்லிச் சோறு சாப்பிட்டீங்க. லிஃப்ட்டுன்னாலே பாதி வழியில நிக்கிற சாமான்னுதான் நான் நெனச்சேன்.”

அவர் அவளையே பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், அது மேலே பதினாலு மாடி, கீழே பதினேழு மாடி போய்த் திரும்பி வந்தது. எங்கேயோ இரண்டு கதவுகள் திறந்து யார் என்று எட்டிப் பார்த்தன. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் சரிந்துவிட்டார்.

“ஓடுற லிஃப்ட்டப் பத்தி வீட்டுல வந்து என்னடி சொல்றது? ‘இன்னைக்கு நாலும் நல்லா ஓடுச்சு, சோத்தப் போடு’ன்னா? வருஷத்துல பத்து நாள் நிக்கும். அந்தப் பத்தத்தான் நான் திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு இருக்கேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டவர், சட்டென்று அசடு வழிய இன்னொன்றையும் போட்டு உடைத்தார். அவள் மட்டும் என்னவாம்? தினமும் வந்து, ஒருத்தருக்கு வேர் அழுகிவிட்டது, ஒருத்தருக்குத் தாடையையே பிளந்தார்கள் என்று சொல்கிறாளே. ஊரில் நல்ல பல்லே இல்லை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் முழுசாகத் திரும்புவதே இல்லை என்று அவரும் நம்பிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பயந்துதான் ரெண்டு வருஷமாகக் கடைவாய்ப் பல் வலியை அவளிடம் மறைத்து, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருக்கிறார்.

இப்போது சிரிப்பது அவள் முறை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஊருக்குப் போனதும் முதல் டோக்கன் உங்களுக்குத்தான் என்றாள். அப்படியென்றால் முதல் லிஃப்ட் இப்போதே என்று அவர் எழுந்து கையை நீட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, உள்ளே போகும்போது அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சிரித்தால் பயம் போய்விடுமா என்ன? கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அவர் கையை நகம் பதியப் பிடித்தாள். ஒவ்வொரு சத்தமும் வர வர, அவர் காதோரம் சொல்லிக்கொண்டே வந்தார். இது கதவு சேர்கிற சத்தம். இந்த ‘டக்’ பூட்டு விழுந்தது. இப்போது பிரேக் பிடியை விட்டது, பெட்டி லேசாகத் தூக்கும், பயப்படாதே. மேலே கயிறு ஒன்றல்ல, ஆறு இருக்கிறது, ஒன்றே நம்மைத் தாங்கும். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார்.

“என்னங்க, நின்னுபோச்சா?”

“வந்தாச்சு.”

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். எதிரே தம்பி, அவன் மனைவி, பிள்ளைகள், முப்பத்தோராவது மாடி எல்லாம் சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தன. அவ்வளவுதானா என்றாள். பூ, இதற்கா இத்தனை வருஷம்? வெளியே காலை வைக்கப் போனவள் வைக்கவில்லை. சாப்பாட்டை மூடி வை, இதோ வருகிறோம் என்று தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டு, கீழே அமுக்குங்கள் என்றாள் அவரிடம்.

இருபத்துநாலாவது மாடியில் டை கட்டிய ஒருவர் ஏறினார். அந்த ஊரில் லிஃப்ட்டுக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை. எல்லோரும் எண்களையே முறைத்துக்கொண்டு நிற்பார்கள். லிஃப்ட்டுக்காவுக்கு அது தெரியுமா? தெரிந்தால் மட்டும் விடப் போகிறாளா?

“இவர் என் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எங்க ஊர்ல நாலு லிஃப்ட்டும் இவர் கையிலதான் ஓடுது.”

டைக்காரர் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, அப்படியா சார் என்று கை கொடுத்தார். பதினெட்டில் ஏறிய கைக்குழந்தைக்காரியிடமும் சொன்னாள். ஆறில் ஏறிய, காதில் பாட்டு மாட்டியிருந்த பெண்ணிடம், அதைக் கழற்றச் சொல்லிச் சொன்னாள். அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சும்மா இரேன் என்று முணுமுணுத்தார். அவள் இருக்கவில்லை. அவர் கையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், இப்போது பயத்தில் இல்லை.

கீழே எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கதவு மூடியது. முப்பத்தொன்றை அமுக்குங்கள், சாப்பாடு ஆறுகிறது என்றாள். அவர் ஒரு நிமிஷம் பட்டன்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊரில் எந்தப் பிள்ளையாவது விளையாட்டுக்கு இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால்கூட காதைத் திருகுகிற மனுஷன் அவர். அந்த மனுஷன் கட்டை விரலை நீட்டி ஒன்றை அமுக்கினார், இரண்டை அமுக்கினார், மூன்றை அமுக்கினார், ஒன்று விடாமல் முப்பத்தொன்று வரைக்கும் அமுக்கிவிட்டு, சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

முதல் மாடியில் கதவு திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை. லிஃப்ட்டுக்கா அந்தக் காலி இடத்தைப் பார்த்தும் சொன்னாள்:

“இவர் என் வீட்டுக்காரர்.”