நான்கு வரி இடம்

சுலக்ஷனாவின் விடைத்தாளைத் திருத்த எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பெயர், சுட்டெண், கேள்விகள் எல்லாம் மணி மணியான எழுத்தில் இருந்தன. ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் நான்கு வரி வெற்றிடம். பூச்சியம் போடப் போன பேனா அப்படியே நின்றுவிட்டது. அந்த நான்கு வரி எனக்கு நன்றாகத் தெரிந்த நான்கு வரி.

பதினோராம் தரத்துக்கு நான்தான் கணிதம். கரும்பலகையில் கணக்கை எழுதுவேன், ஐந்து நிமிடம் கொடுப்பேன். முழிக்கிற முகங்களைப் பார்த்தால் மனசு கேட்காது, விடையையும் நானே எழுதிவிடுவேன். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கணக்கை எழுதி, நான்கு வரி விட்டு, பேனாவை மூடிவைத்துக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். வகுப்பைப் பார்க்க வந்த கல்வி அதிகாரிகூட கொப்பிகளைப் புரட்டிவிட்டு என்னைப் பாராட்டினார். பரீட்சையிலும் இவள் இரண்டு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவள் அம்மா பூரணி, தேயிலைத் தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றார்.

"எங்க குடும்பத்துக்கே கணக்கு ஏறாதுங்க டீச்சர். கொழும்புல துணிக்கடைக்கு ஆள் கேக்குறாங்க. வெள்ளிக்கிழமை பகல் பஸ்ல அவ மாமா கூட்டிக்கிட்டுப் போறாரு."

பக்கத்தில் நின்ற சுலக்ஷனா தலையாட்டினாள். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"அதுவரைக்கும் வகுப்புக்கு அனுப்புங்க. அப்புறம் உங்க இஷ்டம்" என்றேன்.

அன்றைக்குக் கணக்கை எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. மழை விடட்டும் என்று கடையோரம் ஒதுங்கியவர்களைப் போல அமைதியாக இருந்தார்கள். மணி அடித்தபோது தோற்றது நான்தான்.

செவ்வாய்க்கிழமை மூன்று வரியை எழுதி, கடைசி வரியை மட்டும் விட்டேன். பாதி வகுப்பு எழுதியது. புதன்கிழமை இரண்டு வரியை விட்டேன். சுலக்ஷனா உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதி, உடனே அழித்தாள். வியாழக்கிழமை முதல் வரி மட்டும்தான் என்னுடையது. அன்று அவள் அழிக்கவில்லை. ஆனால் சமன்பாட்டில் எட்டை மறுபக்கம் கொண்டுபோனவள் கூட்டல் அடையாளத்தைக் கழித்தலாக மாற்றாமல் விட்டிருந்தாள். என் கை சிவப்புப் பேனாவுக்குப் போனது. அதைக் கைப்பைக்குள் போட்டு ஸிப்பை இழுத்து மூடினேன்.

"சரியா டீச்சர்?"

"எங்கிட்ட கேக்காத. வந்த விடைய மேல இருக்கிற கணக்குல போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை. முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு ஏறாது டீச்சர்."

"பிழைன்னு கண்டுபிடிச்சது யாரு? நான் இல்லையே."

கரும்பலகையை விட்டுவிட்டு முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். மணி அடித்தது. கொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை கரும்பலகையில் இரண்டு புதுக் கணக்குகள் மட்டும் இருந்தன. கீழே ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பகலில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பூரணி நேராக வந்திருந்தார். இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டிக்கொள்ளும் ஈரப் படங்குச் சாக்கு, கையில் மகளின் துணிப்பை.

"வாம்மா, மாமா ரோட்டுல நிக்கிறாரு."

சுலக்ஷனா தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் இரும்மா. நேத்து எங்க பிழை விட்டேன்னு ராத்திரி கண்டுபிடிச்சிட்டேன். இதையும் செஞ்சு பாத்துர்றேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூரணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது பெரிய காரியம்.

அவர் கடைசி வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டார். படங்கிலிருந்து சிமெந்துத் தரையில் தண்ணீர் சொட்டியது. கீழே ரோட்டில் ஹற்றனுக்குப் போகும் பகல் பஸ் ஹோன் அடித்தது. பூரணி யன்னல் பக்கம் திரும்பினார், எழும்பவில்லை. மறுபடியும் ஹோன் கேட்டது.

சுலக்ஷனாவுக்கு நான்கு வரி போதவில்லை. அடுத்த கணக்குக்கு விட்டிருந்த இடத்திலும் எழுதிக்கொண்டு போனாள்.