யானையின் மேல் நிற்காத கோடுகள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. 2009இல், சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேன்டீனில் சங்கரி சொன்னது. கேட்டு முடித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கமல்ல, பொறாமை. எழுதுகிறவன் நான், இப்படியொன்று நடந்தது இவளுக்கா? ஆகவே, பொறாமையைப் பற்றிய கதையைப் பொறாமையோடுதான் எழுத உட்கார்ந்தேன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் தொடக்கம்: 'மாமல்லபுரத்துக் கடற்காற்றில் தோழிகள் இருவரின் கூந்தலும்—'

வேண்டாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில் இருவருக்கும் நடுவே ஷ்யாம் என்று ஒருவனைக் கொண்டுவந்தேன். பெண்களின் பொறாமைக்கு ஓர் ஆண் வேண்டும் என்று என் கை தானாகவே முடிவு செய்துகொண்டது. சங்கரியிடம் படிக்கக் கொடுத்தேன். "யாருங்க இவன்?" என்றாள். ஷ்யாமைக் கதையிலிருந்து இறக்கிவிட்டேன். அவள் பொறாமைப்பட்டது கோடுகளைப் பார்த்து.

2

சங்கரி கல்பாக்கம் டவுன்ஷிப் பெண். அப்பாவுக்கு அணு ஆராய்ச்சியில் வேலை. அஃப்ஸானாவுக்குப் பக்கத்துப் புதுப்பட்டினம். அவள் அத்தா ஜெயினுலாபுதீன் அங்கே துணிக்கடை வைத்திருந்தார். இருவரும் 2002இல் செங்கல்பட்டுக்கு அருகே ஒரு கல்லூரியில் எம்.இ. சேர்ந்தார்கள். போக வர ஒரே பஸ்.

படித்தது விசித்திரமான பாடம். கம்ப்யூட்டரில் படம் செய்கிற மற்றவர்கள் அதைப் போட்டோ மாதிரி ஆக்கப் பாடுபட, இவர்கள் கையால் வரைந்த மாதிரி ஆக்கப் பாடுபட்டார்கள். பேனாக் கோடு, கரித் தீற்றல், தண்ணீர் வண்ணம் கசிந்து பரவுவது, எல்லாவற்றுக்கும் கணக்கு எழுத வேண்டும். வழிகாட்டி செங்கல்வராயன் சார் இருவருக்கும் ஒரே பொருளைக் கொடுத்தார்: ஐந்து ரதங்களுக்குப் பக்கத்தில் நிற்கிற கல் யானை. நன்றாகச் செய்பவருக்கு ஹைதராபாத் கருத்தரங்கு. ஓர் இடம்தான்.

சங்கரியின் புரோகிராம் யானையை நாற்பதாயிரம் கோடுகளில் வரைந்தது. ஒவ்வொன்றும் சரி. சார் நின்றபடியே பார்த்து, "சுத்தமா இருக்கும்மா" என்றார். அஃப்ஸானாவின் புரோகிராம் முந்நூறு கோடுகளோடு நிறுத்திக்கொண்டது. வெயில் விழும் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. ஆனாலும் முதுகு இருந்தது. சார் எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

(அந்த நாற்காலி தரையில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றாள் சங்கரி. நான் இட்டுக்கட்டியதல்ல. இட்டுக்கட்டியிருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்.)

அன்று பஸ்ஸில் அஃப்ஸானா வழக்கம்போல அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் சங்கரி தோளை அசைக்கவில்லை. கோடே இல்லாத அந்த முதுகைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

3

அஃப்ஸானாவின் யானையில் ஒரு குறை இருந்தது. யானையைத் திரையில் சுற்றித் திருப்பினால் கோடுகள் கூடவே திரும்பா. அவை திரையிலேயே ஒட்டி நிற்க, பாத்ரூம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆள் நடமாடுவது போல யானை மட்டும் நகரும். கோடுகளைத் திரையில் போடாமல் யானையின் தோலிலேயே முடிந்துவைக்க வேண்டும். சங்கரி தன் யானைக்கு அதைச் செய்திருந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இருவரும் போட்டோ எடுக்க மாமல்லபுரம் போனார்கள். யானைக்கு எதிரே உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றார்கள்.

"இன்னாடி இது, ஒரே பேஜாரா கீது," என்றாள் அஃப்ஸானா. "யானை திரும்புது, கோடு அப்டியே நிக்குது. உன்னுது மட்டும் எப்டி ஒட்டிகினு வருது?"

"தெரியலடி. தானா வந்துடுச்சு."

(சங்கரியின் மனப்போராட்டம் என்று இங்கே ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். போராட்டமே இல்லையாம். வெள்ளரிக்காயில் காரம் தூக்கல் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தாளாம்.)

4

மார்ச்சில் வெளியிலிருந்து தேர்வாளர் வந்தார். அஃப்ஸானாவின் யானையைப் பார்த்ததும், "அடடா" என்று முன்னால் குனிந்தார்.

"கொஞ்சம் சுத்திக் காட்டும்மா," என்றார்.

யானை தன் கோடுகளை விட்டுவிட்டு நழுவிப்போனது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அஃப்ஸானா மவுஸிலிருந்து கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

ஹைதராபாத், சங்கரிக்கு.

கதையை இங்கேயே முடித்து ஒரு நீதியும் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அஃப்ஸானா விடவில்லை. மறுவாரம் அவளாகவே வந்து சங்கரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் யானைக்கு மூச்சு முட்டுதுடி. இத்தினி கோடு இன்னாத்துக்கு? வெயில் படற எடத்த வுட்டுடு."

மூன்று நாள் கூடவே இருந்து, எந்தக் கோட்டை நீக்குவது என்று தீர்மானிக்கிற தன் புரோகிராமையே பிரித்துக் கொடுத்தாள். ஹைதராபாதில் கைதட்டல் கிடைத்தது யானையின் வெற்று முதுகுக்கு. அங்கே வாசித்த கட்டுரையில் பெயர் ஒன்றுதான் இருந்தது.

5

திரும்பி வந்ததும் அஃப்ஸானா கேட்டாள்: "அந்த ஒட்ற வேலைய எனக்கும் சொல்லிக் குடேன்." சங்கரி தன் லேப் நோட்டைக் கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் தேதி போடுவது அவள் பழக்கம். அது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

(மறந்ததா? மூன்று தடவை கேட்டேன். மூன்று பதில்கள் வந்தன.)

மறுநாள் சாயங்காலம், செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு. அஃப்ஸானா நோட்டை நீட்டினாள்.

"ஒட்ற வேலைக்கு ஜனவரி பத்தொம்பதுன்னு போட்டுகீது."

சங்கரி நோட்டை வாங்கிக்கொண்டாள்.

"நான் கேட்டது பிப்ரவரில. தெரியலன்னியே?"

"தெரியும்," என்றாள் சங்கரி.

"அப்பறம் இன்னாத்துக்குடி?"

"உன் படத்தப் பாக்க மட்டும் சார் நாற்காலி போட்டு உக்காந்தாரு."

அஃப்ஸானா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "உக்காந்தாரா? எப்போ?"

பஸ் வந்தது. அஃப்ஸானா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்தாள்.

6

முடிவு ஒன்று: அஃப்ஸானா பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே நம்பிக்கை போய்விட்டது. முடிவு இரண்டு: சங்கரி கல்பாக்கம் வரை நின்றுகொண்டே போகிறாள். இது அவள்மேல் எனக்கிருக்கும் எரிச்சல் எழுதியது. அடித்துவிட்டேன்.

நம் ஊரில் இருக்கையில் பை வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். யாருக்காக? அல்லது யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்றா? பஸ்ஸில் ஏறினேன் என்று மட்டும் சங்கரி சொன்னாள். எங்கே உட்கார்ந்தாள் என்று சொல்லவில்லை.

அவள் இன்னும் அந்த இருக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கூட்டம் பின்னாலிருந்து நெருக்குகிறது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். அந்தப் பையை நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும்.