ஞானத்தகப்பன் மேல் ஒரு புகார்

"கொம்பாத்ரே மேல புகாரா? நம்ம புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கறப்ப கையில ஏந்தி நின்ன மனுஷன்டி!"

"புள்ளைய ஏந்தி நின்னாரு, சரி. கோர்ட்டுல ஏன் நிக்கல?"

போன மாதம் கணவன் எலிசேயோவோடு நடந்த இந்தப் பேச்சு, சோளமாவைத் தட்டிக்கொண்டிருந்த மர்லேனிக்குள் இன்னும் ஓயவில்லை. அதன்பிறகு இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வக்கீல் ருத்திலியோ இவர்களுடைய மகளின் ஞானத்தகப்பன்; அந்த உறவுமுறையில் பெற்றோருக்கு அவர் 'கொம்பாத்ரே', அவருக்கு மர்லேனி 'கொமாத்ரே'. எல் சால்வடோரிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கு அமெரிக்காவின் ஹூஸ்டனில் உறவென்றால் அவர்தான். எலிசேயோ தன் அடைக்கல வழக்கை அவரிடம் ஒப்படைத்ததோடு சரி. விசாரணைத் தேதியைத் துருவிக் கேட்டதில்லை. கேட்டால் கொம்பாத்ரேயை நம்பாதது போலாகிவிடும். நீதிமன்றம் தேதியை முன்னதாக மாற்றியது. தகவல் ருத்திலியோவின் அலுவலகத்துக்கு வந்தது. அவர் சொல்ல மறந்துபோனார். ஆள் வராததால் எலிசேயோவை நாடு கடத்தச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

மர்லேனி தேடிப்போன புது வக்கீலம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: "கேஸைத் திரும்பத் திறக்க வழி இருக்கு. என்ன நடந்ததுன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். பழைய வக்கீலுக்குச் சொல்லி, அவர் பதிலையும் கேக்கணும். வக்கீல் சங்கத்துல அவர் மேல புகார் குடுக்கணும். இல்லேன்னா ஏன் குடுக்கலன்னு சொல்லணும். சொந்தக்காரர், அதனால விட்டுட்டோம்னா ஜட்ஜ் கேக்க மாட்டாரும்மா."

அந்த மனுவுக்கான கெடு முடிய அதிக நாள் இல்லை.

ஞாயிறு பூசை முடிந்து வழக்கம்போல ருத்திலியோ வந்தார். "என்ன கொமாத்ரே, வாசனை கோயில் வரைக்கும் வருது! பாதிரியாரே பிரசங்கத்தைச் சுருக்கிட்டாரு."

யாரும் சிரிக்கவில்லை. மகள் மட்டும் ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவள் தலையைத் தடவியபடியே அவர் எலிசேயோவைப் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. இன்னொரு மனு போட்டுடலாம். நான் பாத்துக்கறேன்."

"சரிங்க கொம்பாத்ரே," என்றான் எலிசேயோ, குனிந்த தலையோடு.

அந்த 'சரிங்க'தான் மர்லேனியை உலுக்கியது. இப்படியே சரி சரியென்று சொல்லி விமானம் ஏறிவிடுவான் இந்த மனுஷன். அங்கே அவனைக் கொல்லக் காத்திருப்பவர்களுக்கு மரியாதை தெரியாது.

அடுப்பை அணைத்தாள். மகளை உள்ளே அனுப்பினாள்.

"மர்லேனி, வேணாம்," என்றான் எலிசேயோ.

அவள் அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"கொம்பாத்ரே, இனிமே நீங்க பாத்துக்க வேணாம். உங்க மேல புகார் குடுக்கப் போறேன். தேதியச் சொல்லாதது உங்க தப்புதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்க ஞானமகளுக்கு அப்பன் வேணும்."