எலாதியோவின் தோளில் ஓடிய கோடு

டாக்டர் யஹைரா எலாதியோவின் வலது தோளைச் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றுகூட அவன் இவ்வளவு பவ்யமாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முடியை வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, தசைத் துடிப்பை அளந்து கம்பியில்லாமல் மடிக்கணினிக்கு அனுப்பும் தீப்பெட்டி அளவுப் பெட்டிகளைத் தசை தசையாக ஒட்டினார் டாக்டர். பேஸ்பாலில் பந்து வீசுபவர்கள் உடம்பைச் சூடேற்றும்போது எந்தத் தசை எப்போது விழிக்கிறது என்று தலைநகர் சாந்தோ தொமிங்கோவில் ஆராய்கிறார்களாம். யாரை வைத்துப் பார்க்கலாம் என்று கேட்டதற்கு மேனேஜர் ஃபௌஸ்தோ யோசிக்கவே இல்லை. சூடேற்றிக்கொள்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஆள் எங்கள் அணியில் ஒருவன்தான்.

மைதானத்தின் இடது மூலையில், வேலிக்குப் பின்னால், மாற்று வீச்சாளர்கள் காத்திருக்கும் கொட்டகை இருக்கிறது. அவர்கள் பழகும்போது பந்தைப் பிடித்துப் போடுவது என் பிழைப்பு. சுவரில் ஒரு போன். அது அடித்தால் மேனேஜர் யாரையோ ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். இந்த சீசனில் எலாதியோவை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. இன்று கடைசி ஆட்டம். இன்றும் வீசாவிட்டால் திங்கட்கிழமை முதல் மச்சினனின் மெத்தைக் கடையில் உட்கார வேண்டும் என்பது மனைவி மிரேயாவின் தீர்ப்பு. தீர்ப்பை நேரில் நிறைவேற்ற அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ரப்பர் பட்டையை இழுக்கச் சொன்னார். மடிக்கணினித் திரையில் பெட்டிக்கொரு கோடு சோம்பலாக நெளிந்தது. கையைச் சுழற்றச் சொன்னார். அதே நெளிவு. பாவம், எல்லாவற்றையும் பிய்த்து, மறுபடி வழித்து, மறுபடி ஒட்டினார். ஏனோதானோவென்று இழுப்பதில் எலாதியோவை மிஞ்ச ஆளில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது போன் அடித்தது. எலாதியோ வறுத்த பன்றித்தோல் பொட்டலத்தோடு சும்மா உட்கார்ந்திருந்தான். கை அசையவில்லை. கோடு மட்டும் எகிறிக் குதித்தது. நான் எடுத்தேன். சூரியகாந்தி விதை மிச்சமிருக்கிறதா என்று ஃபௌஸ்தோ கேட்டார். இல்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். கோடு பொத்தென்று விழுந்தது.

"கை மடியிலதானே இருந்துச்சு?" என்றார் டாக்டர்.

"ரப்பர விடுங்க டாக்டரம்மா. இவனுக்கு அந்த போன்தான் எக்சர்சைஸ்," என்றேன் நான்.

கொட்டகையே சிரித்தது. இளம் வீச்சாளன் வில்கின் தன் செல்போனில் அதே மாதிரி மணியைத் தேடிப்பிடித்து அடிக்கவிட்டான். பொய் மணி என்று கண்ணெதிரே தெரிந்தும் கோடு குதித்தது. இன்னொரு தடவை அடித்தான். அப்போதும் குதித்தது.

எலாதியோ சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து, "இத்தன வருஷமா யாருக்கும் தெரியாம வச்சிருந்தேன்டா," என்றான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசிச் சுற்று. எங்களுக்கு ஒரே ஒரு ரன் முன்னிலை. மைதானத்தில் எங்கள் ஆளுக்குக் கை தளர்ந்துவிட்டது. சுவர் போன் அடித்தது.

"வில்கின அனுப்பு. சூடாயிட்டானா?"

வில்கின் கால்மேல் கால் போட்டுப் பன்றித்தோலை மென்றுகொண்டிருந்தான். நான் திரையைப் பார்த்தேன், எலாதியோவின் கோடு எகிறிக் குதித்துக்கொண்டிருந்தது.

"இல்ல மேனேஜர். எலாதியோதான் சூடா இருக்கான்."

"அவன் இன்னும் நம்ம டீம்லயா இருக்கான்?"

"மெஷினே சொல்லுது மேனேஜர்."

"மெஷினா சொல்லுது? அப்ப அனுப்பித் தொலை."

எலாதியோ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினான். ஒட்டிய பெட்டிகளோடேயே ஓடிவிட்டான் என்பது நடுவர் அவன் சட்டைக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. உடம்பில் எதையும் ஒட்டிக்கொண்டு பந்து வீசக் கூடாது. மொத்த அரங்கமும் பார்க்க, நடுவர் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். பிய்க்கப் பிய்க்க எலாதியோ துள்ளினான். மிரேயா முகத்தை மூடிக்கொண்டாள். மாமியார் எழுந்து நின்று பார்த்தாள். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஒன்று மட்டும் அணையவில்லை. தோள்பட்டைக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை நடுவர் கவனிக்கவில்லை.

பெட்டியின் சிக்னல் மைதானத்தின் எந்த மூலையிலிருந்தாலும் எட்டும் என்று டாக்டர் காலையில் பெருமையடித்துக்கொண்டது பொய்யில்லை. வில்கின் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்களோடு குனிந்தான். எலாதியோ கையை ஓங்கியிருக்க வேண்டும், கோடு ஏறியது. காலையிலிருந்து நாங்கள் பார்க்காத உயரம். டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அரங்கம் ஓவென்று அலறியது. மட்டை தவறிய ஸ்ட்ரைக்கா, பந்து வேலி தாண்டிப் பறந்துவிட்டதா என்று ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையின் மேல் விளிம்பில் கோடு முட்டிக்கொண்டு நின்றது, இறங்கவே இல்லை.